பதினெட்டுக்குப் பதினேழு

அக்கா: மாமா பின்னாடியே போகாதேடா! உக்காரு. தானா நடக்கட்டும்.

தம்பி: தடுமாறினா?

அக்கா: தடுமாறினா நிப்பார். இன்னைக்கு இந்தத் தெருவுல ஹாரன் அடிச்சு அவரை யாரு துரத்தப் போறா?

தம்பி: அப்பப்பா... ஒரு ஓட்டுல ஜெயிச்சுட்டு என்ன கெத்து!

அக்கா: ஒரு ஓட்டா இருந்தாலும் ஜெயம் ஜெயம்தான். பதினெட்டுக்குப் பதினேழு! என் அருமைத் தம்பியே, கடைக்காரங்க சங்கத் தலைவரே, டயர் கடை முதலாளியே... "வண்டி ஓடக் கூடாதுன்னு தடுத்தா தெருவே செத்துடும்"னு மைக்கைப் பிடிச்சுக் கத்தினீங்களே. செத்துடுச்சா?

தம்பி: காலையிலதானே வண்டியைத் தடுத்திருக்காங்க. சாயங்காலம் ஆகட்டும்.

அக்கா: வாயைப் பாரு! நேத்து வரைக்கும் இந்த பெஞ்சு இருக்கிற இடத்துல என்ன இருந்துச்சு?

தம்பி: என் கடை லாரி.

அக்கா: அதான்! அந்த லாரிக்குப் பின்னாடி ஒரு தையல் கடை இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தத் தெருவுல வண்டி வேண்டாம்னு ரெண்டு வருஷம் வீடு வீடா, கடை கடையா ஏறி இறங்கியிருக்கேன்டா நான்.

தம்பி: தெரியும், தெரியும். என் கடைக்கு மட்டும் ஏழு தடவை வந்தே.

அக்கா: ஏழு தடவையும் விரட்டினே.

தம்பி: டீ குடுத்துதானே விரட்டினேன்!

அக்கா: சிரிக்காதே. பக்கவாதம் வந்ததுலேர்ந்து என் புருஷன் ஜன்னலே கதின்னு கிடந்தார். நடங்க, நடங்கன்னு டாக்டர் சொன்னார். எங்க நடக்கறது? சாக்கடை மூடி மேல ஒரு கால், பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு கால். பார்க் இருநூறு அடிதான்... மூணு வருஷமா போக முடியலை.

தம்பி: அக்கா... நின்னுட்டார்.

அக்கா: எங்க? ஐயோ...

தம்பி: இரு, இரு. மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டிருக்கார்.

அக்கா: பேசறார்டா! நடுத்தெருவுல நின்னு கதை பேசறார்!

தம்பி: கிளம்பிட்டார். கம்பை மாத்திப் பிடிக்கறார்... இன்னும் பத்தடி... அஞ்சு...

அக்கா: பார்க் கேட்டைத் தொட்டுட்டார்! டேய், தொட்டுட்டார்டா! கை ஆட்டறார் பாரு!

தம்பி: ம்...

அக்கா: ஏய், என்ன கண்ணைத் துடைக்கறே?

தம்பி: தூசி.

அக்கா: வண்டியே ஓடாத தெருவுல ஏதுடா தூசி?

தம்பி: சரி... ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

அக்கா: கடையை மூடப் போறியா?

தம்பி: சே சே. பின்தெரு வாசலைத் திறந்துட்டேன். காலையிலயே நாலு பஞ்சர். இது வேற.

அக்கா: சொல்லித் தொலை.

தம்பி: மைக்ல கத்தினதெல்லாம் சங்கத்துக்காக. ஓட்டுச் சீட்டைத்தான் யாரும் பார்க்க மாட்டாங்களே... தெருவுல வண்டி வேண்டாம்னுதான் குத்தினேன். தினமும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வேற என்ன குத்தறது? உன்னை ஜெயிக்க வெச்ச அந்த ஒரு ஓட்டு என்னோடதுக்கா.

அக்கா: அட கடவுளே! ஹ ஹ ஹா...

தம்பி: ஏன் சிரிக்கறே? அக்கா! அழறியா, சிரிக்கறியா?

அக்கா: ஓட்டுப் போட்ட அன்னைக்குக் காலையில உன் பொண்டாட்டி வந்து அழுதாடா... கடை போயிட்டா பிள்ளைங்க படிப்பு என்னாகும்னு. ஊரெல்லாம் ஓட்டுக் கேட்ட நான், உள்ள போய் வண்டி ஓடட்டும்னு குத்திட்டு வந்துட்டேன். நீ மட்டும் சொன்ன பேச்சுல நின்னிருந்தா, நான் தோத்திருப்பேன்டா!