ஊசி குத்திய சீட்டு
திருவரங்கத்தில் புகைவண்டி ஏறிய இரு பெண்மணிகள் என் எதிரில் அமர்ந்தனர். இளையவள் சற்றும் தயங்காமல் கூறிய முதல் வாக்கியமே என் கையிலிருந்த நூலை மூடச் செய்தது.

"நான் தினமும் அவரை ஏமாத்தித்தான் வீட்டுல உக்கார வெக்கிறேன், அக்கா."

"என்னடி சொல்றே?"

"சாயங்காலமானா கிளப்புக்குச் சூதாடப் போயிடுவார். அதனால எங்களுக்குள்ள ஒரு பந்தயம். கவுத்து வெச்ச சீட்டுக்கட்டுல ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அவர் எடுத்தது பெரிசுன்னா போகலாம். என்னுது பெரிசுன்னா வீட்டோட இருக்கணும். இருக்கறதுலேயே பெரிசு ஆஸ்தானே? நாலு ஆஸையும் ஊசியால குத்தி வெச்சிருக்கேன். முதுகுல விரல் பட்டா கடுகளவு மேடு தெரியும்."

"அடி கெட்டிக்காரி! எத்தனை நாளா?"

"ஆடியிலேருந்து. ஒரு நாள்கூடத் தோக்கலை."

"கோலம் போடற விரலாச்சே, சும்மாவா! அவருக்குச் சந்தேகமே வரலையா?"

வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியது. இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தடவித் தடவி மேடெல்லாம் அமுங்கிப் போச்சு, அக்கா. நேத்து பயந்துக்கிட்டேதான் கட்டைத் தொட்டேன். நாலு ஆஸ்லயும் யாரோ புதுசாக் குத்தி வெச்சிருக்காங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்."