தகரம் அடித்த சன்னல்

செந்தூல் அடுக்குமாடி நிர்வாகத்தினரே, ஒரு பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்ததற்கு நீங்கள்தான் காரணம். நேற்று மாலை எல்.ஆர்.டி. ரயில் நெரிசலில், உங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் அதன் அம்மா தன் தோழியிடம் பேசியதை நின்றபடி கேட்டேன்.

“வீட்டுல யாரு சிகரெட் குடிக்கிறாங்கன்னு டாக்டர் கேட்டாரு அக்கா. சாமின்னு சொன்னேன்.”

தோழி சிரித்துவிட்டார். “என்னடி சொல்ற?”

“முன்ன வெள்ளிக்கிழமை மட்டும்தான் சாமிக்கு சாம்பிராணி போடுவேன். புறா வருதுன்னு குசினி சன்னலுக்கு மேனேஜ்மென்ட்ல தகரம் அடிச்சிட்டாங்கல்ல, அதுலேர்ந்து மீன் பொரிச்சா வீடே நாறுது. நாத்தம் போகட்டும்னு காலையிலயும் சாயந்தரமும் போட்டேன். புகை வெளிய போகல. பிள்ளை மூச்சு விட முடியாம...”

தோழி அவர் தோளைப் பிடித்தார்.

“நீ வேணும்னேவா செஞ்ச? தகரத்தக் கழட்டச் சொல்லு லா.”

“மூணு தடவை ஆபீசுக்குப் போயிட்டேன். வாசனை ஸ்பிரே அடிங்க ஆன்ட்டின்னு சிரிக்கிறாங்க. டாக்டர் அதுவும் கூடாதுங்கிறாரு. சாம்பிராணிய நிறுத்திட்டேன் அக்கா. அடுப்ப எப்படி நிறுத்துறது?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தோழி அல்ல, நீங்கள்.

எந்த பிளாக் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, தகரம் அடித்த உங்களுக்கே தெரியும். புறாவைத் தடுக்க ஒரு வலை போதாதா? அந்தத் தகரத்தை என்றைக்குக் கழற்றுவீர்கள்? ஆபீசுக்குள் சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டாம். கழற்றும் தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லாரும் படிக்கும்படி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள்.