இருபது கட்டங்களும் நாற்பத்தொரு கருங்காலியும்

என் பெயர் ராஜாராம். வயது 51. தகப்பனார் பெயர் ராமானுஜம். மதுராந்தகத்தில் ஏரிக்கரை ஓரம் குடியிருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்துக்காகக் காடுகளில் மரம் எண்ணும் ஒப்பந்த வேலையைப் பதினோரு வருடமாகச் செய்து வருகிறேன். வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மரம் தெரியாது. புளியும் வேம்பும் தெரியும். முருங்கை, காய் தொங்கினால் தெரியும்.

சென்ற வருடம் ஆடி மாதம், அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே உள்ள காப்புக்காட்டில் இருபது கட்டங்களைக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரம் எத்தனை என்று எழுதித் தரச் சொன்னார்கள். முதல் கட்டத்தில் பத்தடி போவதற்குள் சூரைமுள் புதரில் மாட்டிக்கொண்டேன். முன்னே நகர்ந்தால் சட்டையும் பின்னே நகர்ந்தால் பேன்ட்டும் கிழிந்தன. இரண்டு மணி நேரம் கத்திய பிறகு, ஆடு மேய்க்கும் செங்கம்மாள் என்பவர் வந்து, “இன்னா சாரு, காட்டுக்கு வந்து கோமணத்தோட நிக்கிற?” என்று கேட்டார். அரிவாள் எடுத்து வர அவர் ஆள் அனுப்பினார். அது வரும்வரை அவர் வெளியே நின்று வீரை, காசான், வெப்பாலை என்று மரங்களைச் சொல்லச் சொல்ல, நான் முள்ளுக்குள் இருந்தபடியே எழுதிக்கொண்டேன். அதில் கருங்காலி இரண்டு.

அதன் பிறகு நான் அந்தக் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. மீதிப் பத்தொன்பது கட்டங்களையும் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து, முதல் கட்டத்தைப் பார்த்தே நிரப்பினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு கட்டத்தில் மட்டும் கருங்காலி மூன்று போட்டேன். ஆக மொத்தம் நாற்பத்தொன்று. மேற்பார்வையாளர் ஜோதிலட்சுமி மேடம் அதைப் பார்த்துவிட்டு, “சார், இம்மாம் கருங்காலி இந்தப் பக்கம் கீதுன்னு யாருக்குமே தெரியாதே!” என்று பாராட்டி எனக்கு ஒரு சால்வையும் போட்டார். நானும் போர்த்திக்கொண்டேன்.

பிறகு இந்த வருடம் தை மாதம் வேறு ஆட்கள் போய் எண்ணியதில் முதல் கட்டத்தில் இருந்த இரண்டைத் தவிர மற்ற முப்பத்தொன்பதும் இல்லை. ஊரெல்லாம் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு அலைகிற நேரம். மரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நீதான் என்று போலீஸார் என்னை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். இல்லாத மரத்தை எப்படி வெட்டுவேன் என்று கேட்டேன். ஆய்வாளர், “யோவ், அப்ப இந்தப் பள்ளமெல்லாம் இன்னாய்யா?” என்று அந்தக் கட்டங்களில் எடுத்த போட்டோக்களைக் காட்டினார். அது காட்டுப்பன்றி கிளறியது என்று சொன்னேன்.

மரம் இருந்தது என்றால் நான் திருடன், ஜெயில். இல்லை என்றால் பொய்க் கணக்கு எழுதியவன், வேலை போகும். என் மகள் பவானிக்கு ஆவணியில் கல்யாணம். மணமேடைக்கு அப்பன் போலீஸ்காரரோடு வரக்கூடாது என்பதால், பொய்க் கணக்கு எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். மரம் எதுவென்றே தெரியாதவன் மரம் திருட முடியாது என்பதையும், முள்ளில் மாட்டிய அந்த நாளுக்குப் பிறகு நான் காட்டுக்குள் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை.

கையெழுத்துப் போடப் பேனா வாங்கியபோது, மாமல்லபுரத்தில் ஒரு கடையில் கைப்பற்றி மேசைமேல் வைத்திருந்த கருங்காலி மாலையைத் தொட்டுப் பார்த்து, யாரும் கேட்காமலே நான் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்:

“இது கருங்காலி இல்ல சார், சாயம் போட்ட சவுக்கு. கருங்காலின்னா வெளிய வெளுப்பா இருக்கும், நெஞ்சு மட்டும்தான் கறுப்பு. அதுவும் பச்சையிலயே மணியா கடைஞ்சிடணும், காயவுட்டா வெடிச்சிடும்.”

(ஒப்பம்)
ரா. ராஜாராம்