பதினோரு நாள் செஞ்ச சுவரு

இல்லக்கா, போட்டோ இல்ல அது. நீங்க கையில வெச்சிருக்கீங்களே, அந்த நோட்டீஸ்ல இருக்கிற ஹாலு, ஜன்னலு, வெள்ளைச் சுவரு, எல்லாமே கம்ப்யூட்டர்ல செஞ்சது. அட, சத்தியமாத்தான் சொல்றேன். இடத்தைப் போய்ப் பாத்தீங்கல்ல? வெறும் பொட்டல்தானே கெடக்கு? பின்ன எங்க போய் போட்டோ எடுத்திருப்பாங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, என் பொழப்பே அதான். ஒன்பது வருஷமா கட்டாத வீட்டக் கட்டுன மாதிரி காட்டிட்டிருக்கேன். சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிக்கிறதுதான்.

இதுல எது கஷ்டம் தெரியுமா? பளபளன்னு இருக்கிறது கஷ்டம்னு நினைப்பீங்க. கண்ணாடி, எவர்சில்வர், டைல்ஸு... அதெல்லாம் ஊதித் தள்ளிடலாம். மினுக்கமே இல்லாத சாமான்தான் உயிர எடுக்கும். சுவரு, செங்கல்லு, துணி, சாக்பீஸு. வெளிச்சம் எப்படித் திரும்பும்னு கம்ப்யூட்டர்ல சாதாரணக் கணக்கப் போட்டு விட்டா சுவரு ரப்பர் பொம்மை மாதிரி வழவழன்னு வந்து நிக்கும். நெஜச் சுவரு அப்படியா இருக்கு? கண்ணுக்கே தெரியாத மேடும் பள்ளமுமா இருக்கும். வெளிச்சம் அதுல முட்டி மோதி, கொஞ்சம் வந்த வழியே திரும்பி வரும். பௌர்ணமி நிலாவப் பாருங்களேன், உருண்டைதான், ஆனா தட்டு மாதிரி தெரியும். ஓரம் மங்கவே மங்காது. மேல பூராப் புழுதி, அதான். அந்தக் கணக்கையும் சேத்தாத்தான் சுவரு சுவரா நிக்கும்.

அப்புறம், வெள்ளைன்னா அப்பட்டமா வெள்ளை அடிச்சிடக் கூடாது. எந்தச் சுவரும் விழுற வெளிச்சத்த மொத்தமாத் திருப்பிக் குடுக்காது, கொஞ்சம் முழுங்கிக்கும். பக்கத்துல சிவப்பு சோபா கெடந்தா அந்தச் சாயல் லேசா சுவத்துல ஒட்டணும். சுவிட்சுக்கு மேல பாருங்க, விரல் பட்ட அழுக்கு. இப்பத்தான் கண்ணுல படுதா? அத எடுத்துடும்மான்னான் பில்டரு. எடுக்க மாட்டேன் சார், அந்த அழுக்குலதான் சனங்க நம்புவாங்கன்னேன்.

ஆமாக்கா. நான்தான். இந்தச் சுவரு நான் செஞ்சது. பதினோரு நாளு.

திட்டணும்னா திட்டிக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ‘இது வெறும் மாதிரிப் படம்’னு கீழ ஒரு வரி எழுதித்தான் குடுத்தேன். அச்சாகி வரும்போது அந்த வரியக் காணோம். கேட்டதுக்கு, கட்டி முடிச்சா இப்படித்தானே இருக்கப் போகுதுன்னான். நானும் சரின்னு வாய மூடிக்கிட்டேன். அவன் போட்ட மெயிலு, நான் படம் செஞ்ச தேதி, எல்லாம் இந்த பென்டிரைவ்ல இருக்கு. உள்ள இன்ஸ்பெக்டர்கிட்ட குடுக்கப் போறேன். என் பேரும் கேஸ்ல வருமாம். வரட்டும்.

அதுக்கு மட்டும்னா தபால்ல போட்டுட்டு வீட்ல இருந்திருப்பேனே.

எங்கம்மா டெய்லரு. துணியத் தொட்டே ரகம் சொல்லிடுவாங்க. என் வேலையப் பத்தி யாராவது கேட்டா மட்டும், அவ கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறா, அவ்வளவுதான் பதிலு. ஒருநாள் இந்த நோட்டீஸ எங்கயோ வாங்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில விரிச்சாங்க. இந்தச் சுவத்த விரலால தேச்சாங்கக்கா. தேச்சுட்டு விரலத் திருப்பிப் பாத்தாங்க, சுண்ணாம்பு ஒட்டிருக்கான்னு. எவ்வளவு பதமாப் பூசிருக்கான் பாருடின்னாங்க.

எனக்கு உச்சி குளுந்து போச்சு. ஒன்பது வருஷத்துல அதான் முதல் தடவ. நான் செஞ்சதுன்னு சொல்லிட்டா அது அன்னிக்கே முடிஞ்சு போயிடும்ல? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு வெச்சு வெச்சு ரசிச்சேன், ஒரு பதினஞ்சு நாளு. அதுக்குள்ள அவங்க கடைய வித்துட்டு, இதுல ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறாங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு சொல்லாமப் பண்ணாங்களாம்.

அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? அவன் எப்படியும் கட்டிடுவான்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்துட்டேன்.

இல்ல, இன்னும் தெரியாது. வேற எங்கயோ கட்டுன வீட்டக் காட்டி ஏமாத்திட்டான்னு நினைச்சிட்டிருக்காங்க. கீழ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காங்க. நாங்க உள்ள போறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். அதான் உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தேன், வாய் குழறுதான்னு. ரொம்பக் குழறலல்ல?

அதோ, கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஏறி வர்றாங்க பாருங்க, அவங்கதான். கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா, மூட்டு வலி அவங்களுக்கு. எந்திரிச்சு மட்டும் போயிடாதீங்க.