ஏணியின் வலது முட்டி

ஒத்தடத்துக்குப் புதுத் துண்டு ஆகாது, ஐயா. நாலைந்து முறை துவைத்துக் கொஞ்சம் நைந்துபோன துண்டுதான் சூட்டைப் பிடித்துவைக்கும். பதினேழு வருடமாக எங்கள் அணியின் ஒத்தடத் துண்டுகளை நானேதான் துவைத்துக் காயப்போட்டேன். சலவைக்குக் கொடுத்தால் வாசனைப் பொடி போட்டுவிடுவார்கள். ஆட்டக்காரர்களில் சிலருக்குத் தோல் அரிக்கும். இதைச் செய் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் கேட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் அணியின் பிசியோ. டாக்டர் இல்லை. ஆனால் சுளுக்கோ வீக்கமோ தசைப்பிடிப்போ, எதுவானாலும் முதலில் என் மேஜையில்தான் வந்து படுப்பார்கள். தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, இந்தக் கை நல்லது செய்யட்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொள்வேன். பையன்கள் அதைக் கேலி செய்வார்கள். "அண்ணே, கண்ணைத் திறந்துட்டுத் தொடுங்க, போன தடவை வேற காலைப் பிடிச்சுட்டீங்க" என்பார்கள். அப்படி நான் ஒருநாளும் பிடித்ததில்லை. சும்மா சொல்வார்கள்.

இந்த வருடம் இருபத்தாறு ஆட்டத்தில் பத்தொன்பதில் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் எங்கள் கோல் கீப்பருக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, ஒரே ஒரு கோல்தான் விட்டார் என்பதற்காக. சீசன் முடிந்த மறுநாள் மேனேஜர் தன் அறையில் இருந்த வெள்ளைப் பலகையைச் சுத்தமாகத் துடைத்து மூன்று கட்டம் போட்டார். வைத்துக்கொள்வது, மாற்றுவது, விடுவது. மொத்தம் இருபத்துநாலு இடம். புதிதாக ஒருவர் வர வேண்டுமென்றால் பழைய ஒருவர் போயாக வேண்டும். பெயர் எழுத மாட்டார், பனியன் எண்ணைத்தான் எழுதுவார். பெயராக இருந்தால் அழிக்கக் கை வராது என்று ஒருமுறை என்னிடமே சொல்லியிருக்கிறார்.

'விடுவது' என்ற கட்டத்தில் முதலில் எழுதியது நாலாம் எண். அது ஏணி.

ஏணி தடுப்பாட்டக்காரன். அவன் உயரத்துக்குத்தான் அந்தப் பெயர். பதினொரு வருடம் எங்களுக்காக ஆடினான். வயது முப்பத்துமூன்று.

"ஓடுறானா, பஸ்ஸுக்கு நிக்கிறானான்னே தெரியல" என்றார் மேனேஜர்.

"பஸ் வந்தாலும் ஓட மாட்டான் சார்" என்றார் கோச்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தில் பிசியோவும் உட்கார வேண்டும் என்பது எங்கள் லீக்கின் விதி. காயத்தோடு இருக்கும் ஆட்டக்காரனை அணியிலிருந்து விடுவிக்க முடியாது. 'ஆடத் தகுதி' என்று பிசியோ கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்பலாம். ஆட்டக்காரர்களைக் காப்பாற்றுவதற்காக யாரோ நல்ல மனதோடு எழுதிய விதி அது.

ஏணியின் வலது முட்டியில் அப்போது வீக்கம் இருந்தது. உண்மையான வீக்கம்தான். ஐந்து நாளில் வற்றிவிடும். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அவன் மனைவி எனக்குப் போன் செய்திருந்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வாரத்துல பரீட்சை. இப்பவே இவரை விட்டுட்டா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. ஏதாவது பார்த்துச் செய்யுங்களேன். நான் கேட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்."

நான் 'மூன்று வாரம் ஓய்வு, சிகிச்சை' என்று எழுதினேன். அது நல்ல காரியம், ஐயா. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு குழந்தை தன் வீட்டில், தன் மேஜையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தது. அதற்காகக் கடவுள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேனேஜர் நாலாம் எண்ணை அழித்துவிட்டுப் பத்தொன்பதை எழுதினார். அவனும் தடுப்பாட்டக்காரன்தான். போன மாதம் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போகும்போது என் அறைக்கு வந்து நன்றி சொன்னான். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

சீசன் முடிந்த மைதானத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோச் விடுமுறையில் போய்விட்டார். மேனேஜர் புது ஆட்களைத் தேடி ஊர் ஊராகப் போனார். எங்கள் தாழ்வாரத்தில் பதினொரு கதவு. என் கதவு மட்டும் திறந்திருக்கும். காலி நாற்காலிகள் வெயிலில் காய்ந்து படபடவென்று சத்தம் போடும். யாரோ வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். மகளின் பிரசவத்துக்கு என்று போன என் மனைவி அங்கேயே இருக்கிறாள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வருகிறேன், வருகிறேன் என்று போனில் சொல்வாள். ராத்திரிச் சாப்பாடு தெருமுனைக் கடையில் வாங்குவேன். "ரெண்டு பேருக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன். இரண்டாவது பொட்டலம் மறுநாள் காலைக்கு ஆகும்.

ஏணி மட்டும் தினமும் ஒன்பது மணிக்கு வருவான். வாசலில் தலையைக் குனிந்தும் இடித்துக்கொள்வான். பிளாஸ்கில் டீ கொண்டுவந்து இரண்டு டம்ளரில் ஊற்றுவான். மேஜையில் படுத்தபடி பேப்பரில் எங்கள் அணியைத் திட்டி எழுதியதை ராகம் போட்டுப் படிப்பான். என் ஜன்னல் கொக்கி நாலு வருடமாக உடைந்து கிடந்தது. ஒருநாள் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து சரிசெய்தான். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பான். எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், ஐயா. பதிலுக்குக் காத்திருப்பவர்கள் குறைவு.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணே" என்று வாராவாரம் கூப்பிட்டான். "அவ சமையல் சுமாராத்தான் இருக்கும். ஆனா பாப்பா பாட்டுப் பாடும். அதைக் கேட்டா சமையல் எவ்வளவோ தேவலைன்னு தோணும்."

பார்க்கலாம் என்பேன். போனதில்லை. இன்னொருவர் வீட்டுக்குப் போனால் ஒரு நேரத்தில் எழுந்து விடைபெற்றாக வேண்டும்.

மூன்றாவது வாரம் முட்டி முழுதாக ஆறிவிட்டது. பாப்பாவின் பரீட்சையும் முடிந்துவிட்டது. "ஓடிப் பார்க்கட்டுமாண்ணே?" என்று கேட்டான். தொட்டுப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை. "உள்ள இன்னும் சூடு இருக்குடா" என்று சொல்லி மறுபடி மூன்று வாரம் எழுதினேன். அவன் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தான்.

மேனேஜர் திரும்பி வந்ததும் கத்தினார். "இவன் இடத்தை அடைச்சுக்கிட்டுப் படுத்திருந்தா நான் புதுசா எடுத்தவனை எங்க உட்கார வைக்கிறது, என் மடியிலயா?" திங்கட்கிழமை வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டார். அதுவரை எனக்கு நான்கு நாள் இருந்தது. ஆறிய முட்டியை மறுபடி வீங்கவைக்க, எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்த கைக்கு நான்கு நாள் போதும். டாக்டர் வந்து பார்த்தார், நான் எழுதியது சரி என்றார். பதிவேட்டை நன்றாக வைத்திருக்கிறேன் என்று பாராட்டவும் செய்தார்.

அதற்குப் பிறகு தினமும் செய்தேன். ஏழு வாரம்.

"வலிக்குதுண்ணே."

"வலிச்சாத்தாண்டா ஆறும்."

"அப்படின்னா நான் பிரமாதமா ஆறிக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தான். கண்ணில் தண்ணீர் இருந்தது.

அவனிடம் நான் கொடுமையாக ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. துண்டு எப்போதும் பதமான சூட்டில் இருக்கும். முடிந்ததும் காலுக்கடியில் தலையணை வைப்பேன். அவன் தூங்கிப்போனால் மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வேறொரு சின்ன அணியின் மேனேஜர் ஏணியோடு முன்பு ஆடியவர். முட்டி சரியானால் எங்களிடம் வந்துவிடு, இரண்டு வருடம் ஆடலாம், பிறகு கோச்சாக இருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார். அவன் மனைவியின் ஊருக்குப் பக்கத்து ஊர் அது. என்னிடம் பேசிவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னாராம். ஏணிக்கு இதைச் சொல்லும்போது படுத்திருக்கவே முடியவில்லை. "கடைசியா ரெண்டு வருஷம்ணே. புல்லு மேல நின்னு முடிக்கணும், மேஜை மேல படுத்து முடிக்கக் கூடாது" என்றான்.

அந்த மேனேஜரின் போன் வந்தபோது அவன் வெளியே குழாயில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்டது.

"முட்டி முடிஞ்சுபோச்சு சார்" என்றேன். "இனிமே படி ஏறினாலே பெருசு."

"பாவம். ரொம்ப நல்ல மனுஷன்" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அது உண்மைதானே.

பத்து நாள், தினமும் வந்ததும் வராததுமாக, "போன் வந்துச்சாண்ணே?" என்று கேட்டான். "வரலடா" என்றேன். பதினோராம் நாள் ஒரு வியாழக்கிழமை. "நாளைக்கு நானே கிளம்பிப் போறேன்" என்றான். "அவங்க முன்னாடி ஓடிக் காட்டறேன். வலிச்சாலும் ஓடுவேன். பார்த்தா அவங்களுக்கே தெரிஞ்சுடும்."

"போறதுக்கு முன்னாடி ஒருதடவை நல்லாப் பார்த்து விடறேன், படு" என்றேன்.

அன்று மட்டும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. கண்ணை மூடக்கூட இல்லை. ஏழு வாரத்தில் முட்டிக்குக் கீழே தசைநாரில் எந்த இடம் எவ்வளவு நைந்திருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். காலைத் தூக்கி மடக்கினேன். "மெதுவாண்ணே" என்றான். நான் மெதுவாகச் செய்யவில்லை. நனைந்த கயிறு அறுந்தாற்போல ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது.

அவன் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தது என் கைதான், அதைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வந்த பிறகு, "பயந்துடாதீங்கண்ணே, உங்க மேல தப்பில்ல" என்றான்.

இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். கம்பு ஊன்றி நடக்கலாம், ஓட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கென்றே ஆகிவிட்டது. நர்ஸ் என்னை அவன் சொந்த அண்ணன் என்று நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

ஒன்பதாம் நாள் அந்தச் சின்ன அணியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் மனைவி உரக்கப் படித்தாள். ஆபரேஷன் பற்றிக் கேள்விப்பட்டு எழுதியிருந்தார் அந்த மேனேஜர். 'போன மாதம் உங்கள் பிசியோவிடம் பேசியபோதே, முட்டி இனித் தேறாது என்று சொன்னார். அன்றிலிருந்து மனது சரியில்லை. ஆடாவிட்டால் என்ன? உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வாருங்கள். மைதானத்தின் ஓரத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுவைக்கிறோம்.' அவ்வளவுதான் கடிதம். ஒரு நல்ல வார்த்தை சொல்ல நினைத்து எழுதியது. எந்தத் துப்பறிகிறவரும் என்னைக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஐயா. அந்த மனிதரின் அன்பு கண்டுபிடித்துவிட்டது.

"போன மாசமா?" என்றாள் அவள். திரும்பவும் அந்த வரியைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏணி என்னைப் பார்க்கவில்லை.

"ஏண்ணா?" என்று கேட்டாள். அவள் குரல் உயரவே இல்லை. "வாராவாரம் கூப்பிட்டாரே. வந்து உட்கார்ந்திருக்கலாமே. எந்த ஊருக்குப் போனாலும் கூப்பிட்டிருப்பாரே."

நான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

ஏணி சுவரைப் பார்த்தபடி பேசினான். "அண்ணனைக் கீழ வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா. படியெல்லாம் கழுவி விட்டிருக்காங்க, வழுக்கும்." அவள் என் முழங்கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கை தவறியது என்று நான் சொல்லவில்லை. அந்த முட்டியை வீங்கவைத்தவன் நான், போனில் பொய் சொன்னவன் நான், அந்த வியாழக்கிழமை தெரிந்தே அறுத்தவன் நான். ஆனால் பிரியத்தினால் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இப்போது அவன் உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்குகிறது. அவ்வளவு உயரமான ஆளை ஒற்றைக் கால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வருடம் போனால் இடது முட்டியும் வலிக்கத் தொடங்கும். அப்போது அவன் என்னைத்தான் தேடி வருவான். என்னை எங்கே வைத்தாலும் சரி, அந்த இடத்தை அவனிடம் சொல்லிவையுங்கள், ஐயா.