துணைக்கு வருபவர்

போதும், இதற்கு மேல் சர்க்கரை வேண்டாம். என்ன கேட்டீர்கள்? ஆமாம், பக்கத்து நாற்காலிதான் அவளுடையது. குழந்தைகள் பாதுகாப்பு உதவி எண்ணில் அவளும் நானும் ஆறு வருடம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். அழைப்பவர் சொல்வதைக் கேட்டுப் படிவத்தில் தட்டுவதுதான் வேலை. அதிகம் பேசாமல் கேட்பேன் என்பதால் எல்லோருக்கும் நான் ‘காதக்கா’. வீட்டில் கேட்பதற்கு ஒரு குரலும் கிடையாது. வானொலியை அணைக்காமல் வைத்திருப்பேன்.

அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்திருக்க வேண்டும். மேலாளர் கொடுக்கவில்லை. "உனக்கு நாலு வயசுப் பிள்ளை இருக்கும்மா. அதையும் இதையும் எப்படிப் பாப்ப?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பதவி கிடைத்தவருக்கு மூன்று பிள்ளைகள். ஆண் என்பதால் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவள் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் பாகுபாட்டுப் புகார் கொடுத்தாள். நான்தான் சாட்சி.

வழக்கு நடந்த அந்த எட்டு மாதங்களைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவே இல்லை. வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போவேன். சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி, எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவோம். "அக்கா, உங்க கைல பேனாவக் குடுத்தா நீதிபதியே எழுந்து நின்னுருவாரு" என்பாள். குழந்தை என் மடியில் ஏறி மூக்குக் கண்ணாடியைக் கழற்றும். நான் கிளம்பும்போது, "நாளைக்கும் வருவீங்கல்ல?" என்று வாசல்வரை வருவாள். அதுவரை என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

பிறகு அலுவலகம் இறங்கி வந்தது. சமரசம். பதவி உண்டு, ஆனால் வேறு ஊர்க் கிளையில். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "முடிஞ்சிருச்சுக்கா. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றாள். தொந்தரவு என்றாள். கையெழுத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

குழந்தைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் படிவத்தில் ‘அழுகைச் சத்தம் கேட்டது’ என்று இருந்தால் அதிகாரிகள் ஒரு வாரம் கழித்துத்தான் போவார்கள். ‘மேல் கையில் விரல் தடம்’ என்றால் அன்றைக்கே போவார்கள். ஆகவே விரல் தடம் தேவைப்பட்டது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மனதுக்குள் பதினைந்து எண்ணும்வரை குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். குழந்தை முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. பிறகு ஒரு பிஸ்கட் கொடுத்தேன். அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத் தொலைபேசியிலிருந்து அழைத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்தாள். அங்கேதான் தவறினேன். அவள் கேட்கும் முன்பே வயது, முகவரி, உடலில் எந்த இடம், நிறம், அளவு என்று படிவத்தின் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தட்டி முடிக்கட்டும் என்று நிறுத்தினேன். பதறிப்போய் அழைப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குரலை மாற்றிக்கொண்ட எனக்குப் பழக்கத்தை மாற்றத் தெரியவில்லை. நீங்கள் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அன்று மாலையே குழந்தையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள், முதல் முறையாக. "அந்த மேலாளர் பழி வாங்கிட்டான்க்கா. நான் எம்பிள்ளைய ஒரு அடி அடிச்சதில்ல, உங்களுக்குத் தெரியுமே" என்றாள். தெரியும் என்றேன். அவளைப் படுக்க வைத்து, உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அறிக்கையின் நகலைக் கேட்கலாம். விசாரணைக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். மறுநாள் விசாரணைப் படிவத்தில் ‘துணைக்கு வருபவர்’ என்ற இடத்தில் அவள் என் பெயரை எழுதினாள். இந்தப் புகாரைக் காட்டி அலுவலகமும் சமரசத்தைக் கைவிட்டது. மறுபடியும் மேசை நிறையக் காகிதம்.

விரல்கள் என்னுடையவை, குரலும் என்னுடையது. இரண்டுக்கும் உங்கள் வாக்குமூலத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை, குழந்தையைத் திரும்ப ஒப்படைப்பதற்கான விசாரணை இருக்கிறது. தனியாகப் போனால் அவள் திணறிப்போவாள். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? துணைக்கு வருபவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட வேண்டாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா?