யார் யார் பாத்தாங்க

சின்னவள்: ...அதுக்குத்தான்க்கா சொல்றேன், அதை மூடிட்டு இன்ஸ்டாவுக்கு வா. ஃபேஸ்புக்ல இப்ப யாரு இருக்கா?

பெரியவள்: நான் இருக்கேனே.

சின்னவள்: நீயும் மூட்டுவலித் தைலம் விக்கிற ஒருத்தனும்.

பெரியவள்: இருந்துட்டுப் போகட்டும். பாவம், தினமும் குட் மார்னிங் சொல்றான். கூடப் பொறந்து கூடவே உக்காந்து தைக்கிற, நீ ஒரு நாள் சொல்லியிருப்பியா?

சின்னவள்: காலங்காத்தால உன் மூஞ்சியைப் பாத்தா வந்த வார்த்தையும் உள்ள போயிடுது. அந்தக் கர்ட்டனை இழுத்துப் பிடி. அடி மடிப்பு கோணுது.

பெரியவள்: என் மடிப்பு கோணாது. உன் மெஷின்தான் துணியை இழுக்குது... இங்க பாருடி, ஃபேஸ்புக்னா நாலு மனுஷங்க இருக்கிற இடம். யாருக்குக் கல்யாணம், யாரு ஆஸ்பத்திரியில இருக்கா, எல்லாம் தெரியும். உன் இன்ஸ்டாவுல எப்பப் பாத்தாலும் ஆடிக்கிட்டே இருக்காங்க. அங்க இருக்கிறவங்களுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காதா?

சின்னவள்: பிடிக்கும். மூக்கு சிவந்திருந்தா அதுக்கும் ஒரு ஃபில்டர் போட்டுக்குவாங்க.

பெரியவள்: அதைச் சொல்லு. அப்புறம், ஃபேஸ்புக்ல போட்டது போட்ட இடத்துலயே கிடக்கும். எப்ப வேணா போய்ப் பாக்கலாம். உன்னோடதுல இன்னிக்குப் போட்டது நாளைக்கு இல்ல.

சின்னவள்: ஸ்டோரி மட்டும்தான் அப்படி.

பெரியவள்: அந்த ஸ்டோரியைத்தான் சொல்றேன். ஒரு நாள் வேலை அதிகம்னு பாக்காம விட்டோம்னா போச்சு. தலைகீழா நின்னாலும் கிடைக்காது.

சின்னவள்: எது போச்சு?

பெரியவள்: எதுவோ. பொதுவாச் சொன்னேன்.

சின்னவள்: ம்.

பெரியவள்: என்னடி ம்?

சின்னவள்: ஒண்ணுமில்ல. கர்ட்டன் மேல்பட்டியில கம்பி கோக்கிற ரிங் அடிக்கணும், அந்த ரிங் டப்பாவைத் தள்ளு.

பெரியவள்: அதுவும் இல்லாம, ஃபேஸ்புக்ல ஒரு மரியாதை இருக்கு. யார் பக்கத்துக்கு வேணா போலாம், ஃபோட்டோவைப் பாக்கலாம், சத்தம் போடாம திரும்பி வந்துடலாம். நாம வந்துட்டுப் போனது அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

சின்னவள்: இதுக்குப் பேரு மரியாதையா? எட்டிப் பாக்கிறது.

பெரியவள்: நான் யாரை எட்டிப் பாத்தேன்?

சின்னவள்: குட்டியை.

பெரியவள்: இரு, நூல் அறுந்துடுச்சு.

சின்னவள்: அன்னிக்கு டீ வாங்கப் போனப்போ போனைத் திறந்தபடியே வெச்சிட்டுப் போயிட்ட. நம்ம கடைக்குட்டி ஸ்கூல் யூனிஃபார்ம்ல, ரெட்டை ஜடையோட நிக்கிறா.

பெரியவள்: நான் போகல. அது பழசையெல்லாம் அதுவாக் கொண்டாந்து காட்டும்.

சின்னவள்: காட்டும், காட்டும்.

பெரியவள்: ...ஒரு ஜடை ஏறியிருக்கும், ஒரு ஜடை இறங்கியிருக்கும். அம்மா போய்ச் சேர்ந்த புதுசு. எனக்குப் பின்னவே தெரியாது. அப்படியும் அந்த ஜடையோடதான் ஸ்கூலுக்குப் போவேன்னு நிப்பா.

சின்னவள்: ஒரு வார்த்தை பேசிடேன்க்கா.

பெரியவள்: எனக்கு ஒரே தங்கச்சி. அது நீ.

சின்னவள்: மூணு வருஷமா இதையே சொல்ற.

பெரியவள்: அவ எழுதினதை நீ மறந்திருப்ப. வேற ஊர்ல வேலை கிடைச்சுதுன்னா போகட்டும். நான் என்ன கையைப் பிடிச்சா இழுத்தேன்?

சின்னவள்: பெட்டியைப் பிடிச்சு இழுத்த.

பெரியவள்: பெட்டியைத்தானே. அதுக்கு, பஸ் ஏறின கையோட ‘ஜெயில்ல இருந்து விடுதலை’ன்னு ஊருக்கே தெரியுற மாதிரி எழுதிப் போடுவாளா? சித்தப்பா லைக் போட்டாரு. அத்தை ஹார்ட் போட்டாங்க. எதிர்க்கடையில பூட்டு ரிப்பேர் பண்றாரே, அவரு வாழ்த்துகள்னு எழுதிட்டு, மறுநாள் என்கிட்டயே வந்து, தங்கச்சிக்கு ஏதோ நல்ல சேதியாமேன்னு கேக்கிறாரு.

சின்னவள்: அவருக்குப் புரியல, பாவம்.

பெரியவள்: எனக்குப் புரிஞ்சுதே. வளத்தவ ஜெயிலர் ஆயிட்டேன்.

சின்னவள்: கோவத்துல எழுதிட்டாக்கா. அப்புறம் எடுத்துட்டா.

பெரியவள்: தெரியும். மறு வாரமே எடுத்துட்டா.

சின்னவள்: அதையும் போய்ப் பாத்தியா?

பெரியவள்: இன்னும் இருக்கான்னு பாத்தேன். அதுக்கப்புறம் அவ அங்க எதுவுமே போடல. அவ பொறந்தநாள் வந்தா மட்டும், வாழ்த்துச் சொல்லுங்கன்னு அது என்னைக் கேக்குது. எழுதினேன். அழிச்சேன். திரும்ப எழுதினேன்... விடு. போய்ப் போய்ப் பாத்தாலும் அங்க பழைய குட்டிதான் இருக்கா.

சின்னவள்: இப்ப இருக்கிற குட்டி இன்ஸ்டாவுல இருக்கா.

பெரியவள்: இருந்துட்டுப் போறா. ஜன்னலுக்குப் பெட்ஷீட்டைக் கட்டிக்கிட்டு ஒரு இருப்பு. அதுவும் ஆணி அடிச்சு, தொங்கிக்கிட்டு. கர்ட்டன் தைக்கிற வீட்டுப் பொண்ணுன்னு யாராவது சொல்லுவாங்களா?

சின்னவள்: எந்த ஜன்னல்?

பெரியவள்: அவ ரூம் ஜன்னல்தான்.

சின்னவள்: அது இன்ஸ்டாவுல அவ ஸ்டோரியில வந்ததுக்கா.

பெரியவள்: ...நீ சொல்லியிருப்ப.

சின்னவள்: நான் சொல்லவே இல்ல. உனக்கு இன்ஸ்டாவும் கிடையாது. கர்ட்டன் படம் போடறதுக்காக, கடை போன்ல, கடை பேர்ல நான் ஒண்ணு திறந்து வெச்சிருக்கேன். அதுலதான் பாத்திருக்க.

பெரியவள்: அந்தக் கத்திரியைக் குடு.

சின்னவள்: உன் கையிலதான் இருக்கு.

பெரியவள்: சரி, பாத்தேன். கை தவறிப் பட்டுடுச்சு. மேல வட்டம் வட்டமா நிக்குதே, எங்க தொட்டாலும் திறக்குது.

சின்னவள்: தினமுமா கை தவறும்?

பெரியவள்: முடியை வெட்டிக்கிட்டாடி. கழுத்தோட நிக்குது. இனிமே யாரும் பின்னிவிட வேண்டியதே இல்ல... அன்னிக்கு டீ குடிக்கிறதைப் போட்டா. ஒரே ஒரு கப்பு, எதிர்ல காலி நாற்காலி. அதைப் பாத்ததுல இருந்து எனக்கு டீ இறங்கல. குரலாவது கேக்கலாம்னு பாத்தா, எல்லாத்துக்கும் மேல ஒரு பாட்டைப் போட்டுடறா. எனக்கு அவ குரலைக் கேக்கணும்டி. திட்டினாலும் பரவால்ல.

சின்னவள்: அக்கா... நீ கோவிச்சுக்கக் கூடாது. ஸ்டோரி, நீ ஃபேஸ்புக்ல போய்ட்டு வர்ற மாதிரி இல்ல. யார் யார் பாத்தாங்கன்னு போட்டவங்களுக்குக் காட்டிடும். பேரோட.

பெரியவள்: அப்படியா.

சின்னவள்: நம்ம கடை பேரு தினமும் அங்க தெரிஞ்சிருக்கு. குட்டி என்கிட்ட கேட்டா.

பெரியவள்: உன்கிட்ட பேசறாளா?

சின்னவள்: அப்பப்போ மெசேஜ் போடுவா. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல.

பெரியவள்: இத்தனை நாளா என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு... சரி. என்ன கேட்டா?

சின்னவள்: ‘கடை போன் எப்பவும் பெரியக்கா மெஷின் மேலதானே கிடக்கும், அவதானே பாக்குறா?’ன்னு கேட்டா.

பெரியவள்: நீ என்ன சொன்ன?

சின்னவள்: நீ விஷயம் தெரியாம பாத்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன். அவ முன்னாடி நீ மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாதேன்னு...

பெரியவள்: என்னடி சொன்ன?

சின்னவள்: பாக்கிறது நான்தான்னு சொல்லிட்டேன். பெரியக்கா அந்தப் போனைத் தொடறதே இல்லன்னு.

பெரியவள்: அதுக்கு அவ என்ன சொன்னா?

சின்னவள்: ‘ஓ, சரி’ன்னு மட்டும் போட்டா. அதுக்கப்புறம்...

பெரியவள்: அதுக்கப்புறம் எதுவும் போடல. அதான் ரெண்டு வாரமா அவ வட்டமே வரல. உடம்புக்கு முடியலையோ என்னவோன்னு நான் இங்க தவிச்சுக்கிட்டு இருக்கேன்.

சின்னவள்: உன் மானத்துக்காகத்தான்க்கா சொன்னேன். நம்ம பேரு அங்க தெரியுங்கிறதே உனக்குத் தெரியாதுன்னு...

பெரியவள்: தெரியும்டி. கர்ட்டன் படத்தைப் போட்டுட்டு யார் யார் பாத்தாங்கன்னு நீ எனக்குப் படிச்சுக் காட்டினியே, அன்னிக்கே தெரியும். ஃபேஸ்புக்ல அவ வாசல்ல எத்தனையோ தடவை போய் நின்னேன், அவளுக்குத் தெரியவே இல்ல. இங்க வந்தா பேராவது தெரியுமேன்னுதான் வந்தேன். வாயைத் திறந்து கூப்பிட எனக்கு வரல, அவ எதைப் போட்டாலும் முதல் ஆளாப் போய்ப் பாத்தேன்... அதையும் நான் இல்லன்னு சொல்லிட்டியேடி.